பேரே இல்லாத ஒரு விதைக் கடை: ஒரு வருஷம் வாங்கிப் பாத்துட்டு எழுதுறேன்

திருச்சில உறையூர்ப் பக்கம் இருக்குறவங்க, மாடித்தோட்டத்துக்கு விதை, நாத்தெல்லாம் எங்க வாங்குறீங்கன்னு என்கிட்ட அடிக்கடி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட முடியல, அதனால ஒரே தடவையா எழுதிடறேன். நான் போற கடைக்குப் பேரே கிடையாது. ஒரு வீட்டோட முன்பக்கம் தகர ஷீட் போட்டு இறக்கின சின்ன இடம், வாசல்ல ஒரு பலகைல பெயிண்ட்டால "விதை, நாத்து, எரு கிடைக்கும்"னு எழுதி மாட்டியிருக்காங்க, அவ்ளோதான். மேப்ல தேடினா வராது. நடத்துறது ஒரு அக்கா, ஐம்பது வயசு இருக்கும், அவங்க அப்பா காலத்துல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்த குடும்பம்னு சொல்வாங்க. போன சித்திரைல முதல் தடவை போனேன், இந்தச் சித்திரையும் தாண்டி இப்ப ஆனி வந்தாச்சு. நடுவுல எல்லாப் பட்டமும், அதாவது விதைக்கிற பருவமெல்லாம், ஒரு சுத்து பாத்துட்டேன்.

முதல் நாள் நடந்தத சொல்லிடறேன், அதுலயே கடை எப்படின்னு தெரிஞ்சிடும். அக்னி நட்சத்திர நேரம், காலைல எட்டு மணிக்கே வெயில் மண்டையப் பொளக்குது. நான் போய் இருபது தக்காளி நாத்து குடுங்கக்கான்னு கேட்டேன். தட்டுல நாத்து நல்லா தளதளன்னு நிக்குது. அக்கா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "தரையிலயா மாடியிலயாம்மா?"ன்னாங்க. மொட்டை மாடின்னேன். "அப்ப இப்ப தக்காளி வேணாம்மா"ன்னுட்டாங்க. நாத்துதான் இருக்கேக்கான்னா, "இருக்கு, இது நெழல்வலை போட்டு வச்சிருக்கவங்களுக்கு. மாடில சிமெண்ட் தரை சூட்டுக்குச் செடி வளரும், பூவும் பூக்கும், ஒண்ணுகூட நிக்காது. பூவெல்லாம் காம்போட கழண்டு விழும். அப்புறம் நீ உன் கைராசி சரியில்லன்னு நெனச்சு எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிருவ"ன்னாங்க. தக்காளிக்குப் பகல் சூடு 35 டிகிரிய தாண்டி, ராத்திரியும் புழுங்கிக்கிட்டே இருந்தா மகரந்தம் வீணாயிடும், பிஞ்சு பிடிக்காதுன்னு நான் பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், திருச்சில சித்திரை வெயில் 40 தொடும், அப்ப அக்கா சொன்னது சரிதான. அன்னிக்கு அவங்க எனக்கு வித்தது தண்டுக்கீரை விதை ஒரு பாக்கெட், கொத்தவரை ஒரு பாக்கெட், மொத்தம் நாப்பது ரூபா. "இத போடு, வெயிலுக்கு அசையாது. மீதிக்கு ஆடி பொறந்ததும் வா"ன்னு அனுப்பிட்டாங்க.

கையில காசோட வந்த ஆளை இப்ப வாங்காதன்னு திருப்பி அனுப்புற கடைய நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அதுக்கு முந்தின வருஷம் ஆன்லைன்ல ஒரு இடத்துல பெரிய காம்போ பாக்கெட் வாங்கியிருந்தேன், நாப்பது வகைன்னு போட்டிருந்துச்சு, காலிஃபிளவர், ப்ரொக்கோலி, லெட்டூஸ், கலர் குடைமிளகாய், கொடி அவரை, வெண்டை எல்லாம் ஒரே டப்பாக்குள்ள. எந்த மாசம் எத போடணும்னு ஒரு வரி கிடையாது. பங்குனில எல்லாத்தையும் ஒண்ணா போட்டேன். பாதி முளைக்கல, முளைச்சதுல லெட்டூஸ் நாலே நாள்ல சுருண்டுடுச்சு, அவரை மட்டும் மாடிக் கம்பியெல்லாம் ஏறி இலையா அடைஞ்சுக்கிட்டு ஒரு பூ காட்டல. ஆறு மாசம் தண்ணி ஊத்தி ஊத்தி அத்தை சலிச்சுப் போய்ட்டாங்க. கொடி அவரை பொழுது குறுகினாத்தான் பூக்கும், பங்குனில போட்டாலும் ஆடில போட்டாலும் அது பூக்குறது கார்த்திகைப் பக்கம்தான்னு இந்த அக்கா சொன்னப்பதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. விதை மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல, மாசம்தான் தப்பு.

எங்க வீடு வாடகை வீடு, முதல் மாடி, மேல மொட்டை மாடி. ஹவுஸ் ஓனர் மாமாவுக்கு ஒழுகிடுமோன்னு பயம். நியாயமான பயம்தான், மண்ணு நெறஞ்ச ஒரு பதினஞ்சு இஞ்ச் செடிப் பை தண்ணியோட சேத்துத் தூக்கவே முடியாது, அத நேரா தளத்துல வச்சா அடியில ஈரம் காயவே காயாது. அக்கா தான் சொன்னாங்க, ஒரு பைக்கு மூணு செங்கல் அடியில குடு, காத்து போகணும், பெருக்கித் தள்ள இடம் இருக்கணும், சுவத்து ஓரமா பீம் போற பக்கம் வரிசையா வை, நடுத்தளத்துல பாரம் ஏத்தாதன்னு. அப்படியே வச்சேன், மாமாவும் ஒரு மழை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

பை விஷயத்துல அவங்க வச்சிருக்குறது வெளிய வெள்ளை, உள்ள கருப்பு, நெய்த மாதிரி இருக்குற ஹெச்டிபிஇ பை. கருப்பு பிளாஸ்டிக் கவர் பாதி விலைக்கு வெளிய கிடைக்குது, அதையும் நாலு வாங்கிப் பாத்தேன், வெயில்ல பக்கத்துல கை வச்சா சுடுது, அந்தச் சூடு வேருக்குப் போகாம எங்க போகும், ஒரு கோடையிலயே ஓரம் நொறுங்கி உதிர ஆரம்பிச்சுடுச்சு. நெய்த பை ஒரு வருஷம் முடிச்சும் தையல் விடல. பதினஞ்சுக்குப் பதினஞ்சு சைஸ் எனக்கு அறுபத்தஞ்சு ரூபாய்க்குக் குடுத்தாங்க. கீரைக்கு அகலமா உயரம் கம்மியா ஒரு பை இருக்கு, அது நூத்திச்சொச்சம். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு பதினஞ்சு இஞ்ச் போதும். கொடிக்கு அதவிடப் பெருசா எடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம்.

இப்ப தென்னை நார்க்கட்டி, மண்ணோட கலக்குறதுக்கு நார்க்கழிவ அழுத்திச் செஞ்ச கட்டி. இதப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா மாடித்தோட்டம் ஆரம்பிக்கிறவங்க பாதிப் பேரு இங்கதான் சறுக்குறாங்க. அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு வாங்குனேன். அக்கா அத கையில குடுக்கும்போதே, "அலசாம போட்டுடாத, உப்பு இருக்கும்"னாங்க. வீட்டுல பெரிய டப்புல போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தினேன். பத்து நிமிஷம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் ஓரம் பிளந்து கட்டி மெதுவா உப்ப ஆரம்பிக்குது, அரை மணி நேரத்துல டப்பு நெறஞ்சு வழியுது. தண்ணிய வடிச்சா கடுங்காப்பி கலர்ல வருது. சாக்குல கட்டி மாடிக் குழாய்க்கு அடியில தொங்கவிட்டு மறுபடி தண்ணி விட்டேன், ரெண்டாவது தடவை டீ கலர், மூணாவது தடவை வெளிறின மஞ்சள், நாலாவது தடவைதான் தண்ணி தண்ணியா வந்துச்சு. என் பொண்ணு ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர்ல பிடிச்சு வரிசையா வச்சுக் காட்டினா, நாலு டம்ளர், நாலு கலர். அந்த முதல் டம்ளர்ல இருந்ததுதான் அலசாம போட்டா செடியோட வேர்ல போய் உக்காருது. இலை நுனி கருகுதுன்னு பாதிப்பேரு பூச்சிமருந்து தேடுவாங்க, காரணம் இந்த உப்பா இருக்கும்.

அதோட நார்க்கழிவுல சத்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. தண்ணி பிடிச்சு வைக்கும், பாரம் குறையும், வேர் ஓட இடம் குடுக்கும், அதுதான் அதோட வேலை. மக்காத நார்க்கழிவு மட்டும் போட்டா மக்குறதுக்கு வேண்டிய தழைச்சத்த அதுவே இழுத்துக்கும், செடி வெளிறிப் போய் நிக்கும். அக்காவோட கணக்கு ரொம்ப சிம்பிள், செம்மண் ஒரு பங்கு, நார் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு ஸ்பூன் விரிடி (வேரழுகல தடுக்குற நல்ல பூஞ்சைப் பொடி). கலந்து தண்ணி தெளிச்சு பத்து நாள் ஆற விடணும், உடனே நட்டா வேப்பம்புண்ணாக்கு மக்குற சூட்டுல நாத்து செத்துடும். மண்புழு உரம் கிலோ பதினஞ்சு ரூபாய்க்குக் குடுக்குறாங்க, கையில எடுத்தா ஈரமா, டீத்தூள் மாதிரி உதிரியா, மழை பேஞ்ச மண்ணு வாசம். இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஆடி பொறந்து முதல் வாரமே போய்ட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க, கடைல நிக்க இடமில்ல, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துலேர்ந்து வயக்காரங்க கூட டிவிஎஸ்ல வந்து வாங்கிட்டுப் போறாங்க. நான் வாங்கினது கத்தரி நாத்து எட்டு, மிளகாய் நாத்து பத்து, வெண்டை விதை, பீர்க்கை, புடலை, அப்புறம் கொடி அவரை. ஒரு நாத்து ரெண்டு ரூபா. விதைய அக்கா சின்ன காக்கிக் கவர்ல போட்டு மேல பேனாவால பேரும் மாசமும் எழுதித் தர்றாங்க, கொடி வகையெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்ச விவசாயிங்க எடுத்த நாட்டு விதை. வெண்டை, தக்காளி மட்டும் கம்பெனி பாக்கெட், அதுல அட்டை எப்படிப் பாக்கணும்னு அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க: அரசு சோதிச்சு சான்று குடுத்த சான்று விதைன்னா நீல அட்டை, விக்கிற கம்பெனியே பொறுப்பேத்துக்குற உண்மைநிலை விதைன்னா வெளிர் பச்சை அட்டை, அதுல முளைப்புத்திறன் எவ்ளோ, எப்ப பரிசோதனை பண்ணாங்க, எதுவரைக்கும் செல்லும்னு எல்லாம் இருக்கணும். தக்காளி, கத்தரின்னா குறைஞ்சது நூத்துக்கு எழுபது முளைக்கணும், மிளகாய்க்கு அறுபது, வெண்டைக்கு அறுபத்தஞ்சு. நாட்டு விதைக்கு அட்டை கிடையாதே, அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். "வீட்டுக்குப் போய் பத்து விதைய எண்ணி ஈரத்துணில மடிச்சு வை, முளைச்சத எண்ணு. ஏழுக்குக் கீழ இருந்தா கவரோட எடுத்துட்டு வா, வேற தர்றேன்"னாங்க. எண்ணினேன். வெண்டை எட்டு, அவரை பத்துக்குப் பத்து. பீர்க்கை அஞ்சுதான். எடுத்துட்டுப் போனேன், மறு பேச்சு பேசல, வேற கவர் எடுத்துக் குடுத்துட்டு பழைய கவர் மொத்தத்தையும் தட்டுலேர்ந்தே எடுத்து ஓரமா வச்சாங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது, என் ஒருத்திக்கு மாத்திக் குடுத்துட்டு மிச்சத்த அடுத்த ஆளுக்கு விக்கல.

ஆடிக்காத்து பத்தியும் எச்சரிச்சாங்க. திருச்சி ஆடிக்காத்து மாடில எப்படி அடிக்கும்னு இருக்குறவங்களுக்குத் தெரியும், அம்மியே பறக்கும்னா இத்துனூண்டு நாத்து என்ன ஆகும். நட்ட அன்னிக்கே குச்சி ஊனி, துணிக்கிழிசலால எட்டு போட்ட மாதிரி தளர்வா கட்டச் சொன்னாங்க, சணல் கட்டினா தண்டு அறுத்துடும்னு. மண்ணு மேல காஞ்ச இலை, தேங்கா மஞ்சி மூடாக்கு போட்டதுல தண்ணி ஒரு வேளை குறைஞ்சுது. ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா மண்டபம் போயிட்டு வந்து அத்தை கையால புடலை விதை ஊனினாங்க, அந்தப் புடலை எல்லாமே வந்துச்சு, அது அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

பீர்க்கை கதைய சொல்லியே ஆகணும். ஆவணி கடைசில கொடி நெறையப் பூ, காய் மட்டும் இல்ல, பிஞ்சு விரல் நீளத்துக்கு வந்து மஞ்சளாகி விழுந்துடும். ஏதோ நோய்னு போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போனேன். அக்கா போட்டோவ பெருசு பண்ணிப் பாத்துட்டு, "பூ எப்ப விரியுது?"ன்னாங்க. எனக்குத் தெரியல. நான் தண்ணி ஊத்துறதே காலைல ஆறு மணிக்கு, அப்ப பூவெல்லாம் வாடித் தொங்கும். "பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும்மா. அந்த நேரத்துல உங்க மாடிக்கு வண்டு வரலன்னா யாரு சேக்குறது, நீதான் சேக்கணும்"னாங்க. அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்து ஆறு மணிக்கு மேல ஏறிப் பாத்தா, காலைல நான் ஒரு நாளும் பாக்காத மாதிரி கொடி முழுக்க மஞ்சப் பூ. அடியில குட்டிப் பிஞ்சோட இருக்குறது பெண் பூ, வெறும் காம்போட கொத்தா வர்றது ஆண் பூ. ஆண் பூவ ஒண்ணு பறிச்சு இதழ மடக்கி நடுவுல இருக்குற மஞ்சத்தூள பெண் பூ நடுவுல மெதுவா தடவணும். எட்டு பூவுக்குப் பண்ணேன், ஆறு காய் நின்னுச்சு. மூணாம் நாளே தெரியும், பிடிச்ச பிஞ்சு பச்சையா தடிக்கும், பிடிக்காதது நுனி சுருங்கும். இந்த ஒரு விஷயத்துக்கு அவங்க என்கிட்ட ஒரு மருந்து பாட்டில் வித்திருக்கலாம், நான் வாங்கியிருப்பேன். விக்கல.

ஐப்பசி அடைமழை எனக்குப் பெரிய நஷ்டம். மழைக்கு முன்னாடி தட்டுல நானே தக்காளி விதை போட்டிருந்தேன், அக்கா கிட்ட கேக்காம. ஒரு விரல் உயரம் வந்து, மூணு நாள் விடாம பேஞ்சதுல தண்டு மண்ணோட ஒட்டுற இடத்துல நூல் மாதிரி மெலிஞ்சு எல்லாம் படுத்துடுச்சு, அறுபது நாத்து. நாத்தழுகல்னு சொன்னாங்க. ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு. தண்ணி தேங்குற பைல எல்லாம் பக்கவாட்டுல தரையிலேர்ந்து ஒரு இஞ்ச் மேல ரெண்டு ஓட்டை கூடப் போடச் சொன்னாங்க. இனிமே விதைய சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியாப் பொடில புரட்டித்தான் போடணும், நடும்போது வேரை லிட்டருக்குப் பத்து கிராம் கலந்த தண்ணில முக்கித்தான் நடணும்னாங்க. அடுத்த ஈடு அப்படிப் பண்ணதுல ஒண்ணுகூட சாகல.

அந்த மழை நின்னதுக்கப்புறம் வர்ற ரெண்டு மூணு மாசம் இருக்கே, கார்த்திகை பாதிலேர்ந்து தை வரைக்கும், அதுதான் நம்ம ஊரு மாடித்தோட்டத்துக்குத் தங்கமான காலம். புதுசா ஆரம்பிக்கிறவங்க வேற எந்த மாசத்துலயும் ஆரம்பிக்காதீங்க, அப்ப ஆரம்பிங்க. முள்ளங்கி நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல கைக்கு வந்துடுச்சு. பாலக் வெட்ட வெட்ட வந்துச்சு. கொத்தமல்லி அதுவரைக்கும் எனக்கு வந்ததே இல்ல, மளிகைக்கடை தனியாவ அப்படியே தூவிட்டு காத்துக்கிட்டு இருப்பேன். அக்கா விதைய ஒரு பேப்பர்ல கொட்டி அடிப்பக்கம் தட்டையா இருக்குற டம்ளரால லேசா உருட்டிக் காட்டினாங்க, ஒவ்வொரு தனியாவும் சரி பாதியா ரெண்டா உடையுது, ஒவ்வொரு பாதியும் ஒரு விதை. ராத்திரி ஊறவச்சு காலைல தூவி மேல மெல்லிசா மண்ணு போட்டு ஈரச் சாக்கு மூடினேன், ஒன்பதாம் நாள் சாக்க எடுத்தா வெளிர் பச்சையா ரெண்டு ரெண்டு இலை மண்ணத் தூக்கிக்கிட்டு நிக்குது. மார்கழி முழுக்க கொத்தமல்லி வாங்கல. மாசி கடைசில அதே விதைய அதே மாதிரி போட்டேன், ஒரு சாண் வளரும்முன்னாடி பூவெடுத்துடுச்சு, வெயில் ஏறினா அது அப்படித்தான், அதுக்கப்புறம் ஐப்பசி வரைக்கும் கொத்தமல்லிய மறந்துடணும்.

புதினா கேட்டப்ப, "அத காசு குடுத்து வாங்காத, கடைல கட்டு வாங்கி இலைய ஆஞ்சுட்டு தடிச்ச தண்ட தண்ணில போடு, ஒரு வாரத்துல வேர் விடும்"னு சொல்லிட்டாங்க, அப்படியே விட்டுச்சு. ஓமவல்லி ஒரு கிளைய ஓசிலயே ஒடிச்சுக் குடுத்தாங்க, இப்ப ரெண்டு பை நெறைய இருக்கு, பொண்ணுக்கு சளி பிடிச்சா அதுல கஷாயம். கறிவேப்பிலைக் கன்னு மட்டும் முப்பது ரூபா. முதல் வருஷம் இலை பறிக்காதன்னாங்க, பொறுமையா இருந்தேன், புளிச்ச மோர் தண்ணி கலந்து பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை ஊத்தினேன், இப்ப இடுப்பு உயரம்.

தக்காளி. கார்த்திகை கடைசில அவங்ககிட்டயே பன்னெண்டு நாத்து வாங்கினேன், பெரியகுளத்துல வெளியிட்ட பிகேஎம் 1 ரகம், நாட்டுத்தக்காளி மாதிரி மேல கொஞ்சம் பச்சையா தோளு இருக்கும். மார்கழிக் குளிருக்கு பூ ஒண்ணுகூட வீணாகல. ஆனா தை கடைசில காய் திரளும்போது அடிப்பக்கம் கருப்பா, தோல் மாதிரி உள்ள அமுங்கிப் போச்சு, நாலஞ்சு காய் அப்படி. இதுக்கும் போட்டோவோட போனேன். நோயில்ல, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரலன்னாங்க. நான் ஒரு நாள் மறந்துட்டு மறுநாள் ரெண்டு மடங்கு ஊத்துவேன், அந்த மாதிரி காஞ்சு நனைஞ்சு கிடந்தா சத்து மண்ணுல இருந்தாலும் மேல ஏறாது, நார் கலந்த பைல இது இன்னும் சீக்கிரம் வரும். வெத்தலைச் சுண்ணாம்ப தண்ணில கரைச்சு தெளியவிட்டு மேல் தண்ணிய மட்டும் ஒரு தடவை ஊத்தினேன். அதோட காலை சாயங்காலம் ரெண்டு வேளையும் அளவா தண்ணின்னு அத்தை பொறுப்பெடுத்துக்கிட்டாங்க. அடுத்து வந்த காய் எல்லாம் சுத்தமா வந்துச்சு. மாசில பன்னெண்டு செடிலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு கிலோவுக்குக் குறையாம பறிச்சோம், ரசத்துக்கு நசுக்கினா சமையல்கட்டு முழுக்க தக்காளி வாசம். அவரையும் அப்பத்தான் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, அசுவினிப் பூச்சி மட்டும் நுனில அப்பிக்கிச்சு, லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்பு கரைசல்ல முதல்ல நல்லா அடிச்சுக் கலந்து அப்புறம் தண்ணி சேத்து சாயங்காலம் தெளிச்சேன். சோப்பு இல்லாம ஊத்தினா எண்ணெய் மேல மிதக்கும், ஒரு இடத்துல பட்டு இலை கருகும், பாத்துக்கோங்க.

இப்ப குறைங்க. பிடிச்ச கடைன்னு மூடி மறைக்க விரும்பல.

பில் கிடையாது. துண்டுச்சீட்டுல கூட்டிக் காட்டுவாங்க. மதியம் ஒரு மணிக்கு மூடினா நாலு மணிக்குத்தான் தெறக்குறாங்க, போன் எடுக்க மாட்டாங்க, வேலைக்குப் போறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலைதான் வழி. ஜிபே இப்ப ரெண்டு மாசமாத்தான் இருக்கு. நாத்துல ஒரு தடவை குழப்பம் ஆச்சு, நான் கேட்டது பச்சை வரிக் கத்தரி, எட்டுல மூணு ஊதாவா காய்ச்சுச்சு. தட்டுல பேரு எழுதி ஒட்டாததுதான் காரணம், சொன்னேன், இன்னும் ஒட்டல. பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேத்துப் புளிக்கவச்ச கரைசல்) பாட்டில்ல தயாரிச்ச தேதி போடறதில்ல, ரெண்டாவது பாட்டில் தெறந்தப்ப அழுகின நாத்தம், நல்ல பஞ்சகவ்யால புளிச்ச வாடைதான் வரும், அழுகின வாடை வரக்கூடாது. திருப்பி எடுத்துக்கிட்டாங்கதான், இருந்தாலும் விதைக் கவர்ல மாசம் எழுதுற அக்கா இதுலயும் எழுதணும், புதுசா வர்றவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாம செடில ஊத்திடுவாங்க. அப்புறம் விதவிதமான வெளிநாட்டு மூலிகை, லெட்டூஸ், செர்ரி தக்காளி எல்லாம் தேடுறவங்களுக்கு இந்தக் கடை ஆகாது, அவங்க வைக்கவே மாட்டாங்க.

செலவு கணக்கு எழுதி வச்சிருக்கேன். முதல் வருஷம் பை, மண்ணு, நார், எரு, விதை எல்லாம் சேத்து நாலாயிரத்து அறுநூறு ரூபா, அதுல பாதிக்கு மேல பைக்கும் மண்ணுக்கும் ஒரு தடவை போனது. கீரை, புதினா, பச்சை மிளகாய் கடைல வாங்குறது ஏறக்குறைய நின்னுடுச்சு. மத்த காய்க்கு இப்பவும் உழவர் சந்தை போறோம், தையிலேர்ந்து பங்குனி வரைக்கும்தான் சந்தைப் பை பாதியா குறையும். காசு மிச்சம் பிடிக்கத்தான் தோட்டம்னு நினைச்சு வராதீங்க, முதல் வருஷம் அது நடக்காது. என் பொண்ணு அவரைய தொடவே மாட்டா, அவ கையால பறிச்சத தட்டுல மிச்சம் வைக்காம சாப்பிட்டா, எனக்கு அதுக்கே குடுக்கலாம் அந்தக் காசு.

இந்தச் சித்திரைக்கு நான் தக்காளி நாத்து கேக்கல. அம்பது சதவீத நெழல்வலை கட்டி, கத்தரிய கவாத்து பண்ணி (கிளைய வெட்டிவிட்டு) எரு வச்சு விட்டேன், பழைய பைல எல்லாம் தண்டுக்கீரையும் தட்டைப்பயறும். கவாத்து பண்ண கத்தரி இப்ப ஆனிலயே துளிர்த்துப் பூ எடுத்திருக்கு. போன வாரம் என் அவரை விதைய ஒரு கவர்ல போட்டு, பேரும் மாசமும் எழுதி அக்காகிட்ட குடுத்தேன். அவங்க வாங்கி, அதுலேர்ந்து பத்து எண்ணி எடுத்து ஈரத்துணில மடிச்சு மேசை மேல வச்சுட்டு, "முளைக்கட்டும், அப்புறம் தட்டுல வைக்கிறேன்"னாங்க. ஆடி முதல் வாரம் போறவங்க காலைல ஏழரைக்குள்ள போயிடுங்க, எட்டுக்கு மேல கூட்டம், கையோட பழைய பேப்பரும் சில்லறையும் எடுத்துட்டுப் போங்க, நாத்த ஈரப் பேப்பர்ல சுத்தித்தான் தருவாங்க.